ஸ்விட்ச் 2-க்கு மாறும்போது எது கூட வரும், எது வராது, ஏன்?

கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் விளையாடும் கேம் கருவியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது 2025 ஜூன் 5 அன்று. முதல் நாலு நாளிலேயே 35 லட்சத்துக்கு மேல் விற்றது. அதை வாங்கியவர்களில் நிறையப் பேர் கையில் ஏற்கெனவே பழைய ஸ்விட்ச் இருந்தது, அதற்கு வாங்கிய கேம்கள் இருந்தன, மெமரி கார்டு, டாக் (கருவியை டிவியோடு இணைக்கும் தாங்கி), கூடுதல் கன்ட்ரோலர், பை என்று சேர்த்து வைத்த சாமான்களும் இருந்தன. "பழைய கேம்கள் இதிலும் ஓடும்" என்ற அறிவிப்பைப் பார்த்து, அப்படியானால் மற்றதெல்லாமும் ஓடும் என்று எடுத்துக்கொண்டார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது: கார்டைப் போட்டால் ஏற்கவில்லை, பழைய டாக்கில் வைத்தால் படம் வரவில்லை, ஓஎல்இடி திரையில் பளிச்சென்று இருந்த கேம் இதில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.

இந்தக் குறைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுவதிலும் பயனில்லை, "புது மாடல் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் சரியில்லை. சில குறைகளுக்குப் பொறியியல் காரணம் உண்டு, யார் செய்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாது. வேறு சில, நிறுவனம் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். வேறு மாதிரி எடுத்திருக்கலாம். எது எந்த வகை என்று தெரிந்தால்தான் வாங்கலாமா, காத்திருக்கலாமா, எதற்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

பழைய கேம் புதிய கருவியில் எப்படி ஓடுகிறது?

2017-ல் வந்த முதல் ஸ்விட்சில் இருந்தது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். ஸ்விட்ச் 2-ல் இருப்பதும் என்விடியா செய்ததுதான், ஆனால் தலைமுறைகள் தாண்டிய வேறு சிப். ரேம் 4 ஜிபியிலிருந்து 12 ஜிபி ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் நிண்டெண்டோ, பழைய கேம்கள் ஓட வேண்டுமென்றால் பழைய சிப்பின் ஒரு பகுதியையே புதுக் கருவிக்குள் வைத்துவிடும். நிண்டெண்டோ டிஎஸ் என்ற கருவி, அதற்கு முந்தைய கேம்பாய் அட்வான்ஸின் கேம்களை ஓட்டியது அப்படித்தான். ஸ்விட்ச் 2-ல் அப்படி எதுவும் இல்லை. பழைய கேம் கேட்கும் கட்டளைகளைப் புதிய சிப்புக்குப் புரிகிற மாதிரி ஓடும்போதே மாற்றிக்கொடுக்கிறது மென்பொருள். அதனால்தான் வெளியான அன்று பெட்டியைத் திறந்ததும் ஒரு சிஸ்டம் அப்டேட் போட வேண்டியிருந்தது. அது இல்லாமல் பழைய கேம்கள் ஓடவில்லை.

இந்த ஏற்பாட்டினால் இரண்டு விளைவுகள்.

1. பெரும்பாலான கேம்கள் ஓடுகின்றன, சில கேம்கள் வேகமாகவே ஓடுகின்றன. போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் இரண்டும் முதல் ஸ்விட்சில் திக்கித் திணறியவை. இலவச அப்டேட்டுக்குப் பிறகு ஸ்விட்ச் 2-ல் வினாடிக்கு 60 பிரேமில் (படத்தில்) ஓடுவதைப் பார்த்தால் வேறு கேம் மாதிரி இருக்கிறது.

2. மென்பொருளால் மாற்றித் தர முடியாதது வன்பொருள். முதல் ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்-கானின் வலது பாகத்தில் ஓர் அகச்சிவப்பு கேமரா இருந்தது. புதிய ஜாய்-கான் 2-ல் அது கிடையாது. உடற்பயிற்சி கேமான ரிங் ஃபிட் அட்வென்சர் விளையாட, அதோடு வரும் வளையத்தில் பழைய ஜாய்-கானைத்தான் மாட்ட வேண்டும். அட்டையை மடித்துச் செய்யும் லாபோ பொம்மைகளில், கண்ணருகே வைத்துப் பார்க்கும் விஆர் பெட்டிக்குள் புதிய கருவி நுழையவே நுழையாது, அளவு பெரிது.

ஆக, கேம்களை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அதில் குறை சொல்ல அதிகமில்லை. பிரச்சினை எல்லாம் கேமைச் சுற்றியிருக்கும் சாமான்களில்.

மெமரி கார்டு: உள்ளே போகும், ஆனால் ஏற்காது

அதிகம் பேரைக் குழப்பியது இதுதான். பழைய ஸ்விட்சிலிருந்து 256 ஜிபி, 512 ஜிபி மைக்ரோஎஸ்டி கார்டைக் கழற்றிப் புதியதில் போடுகிறார்கள். கார்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் கேம் எதையும் சேமிக்க முடியாது என்று சொல்லிவிடுகிறது. பழைய கார்டிலிருந்து அது எடுத்துக்கொள்வது, முன்பு பிடித்த ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் வீடியோக்களையும் மட்டுமே.

கேம்களுக்கு வேண்டியது மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திருப்பிப் பார்த்தால் எக்ஸ்பிரஸ் கார்டின் பின்பக்கத்தில் கூடுதலாக இன்னொரு வரிசை உலோகத் தொடுமுனைகள் இருக்கும். மேலே ஈஎக்ஸ் என்ற குறி இருக்கும். கம்ப்யூட்டருக்குள் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு எந்த வழியில் பேசுகிறதோ, அதே பிசிஐஇ வழியில் பேசுவதற்குத்தான் அந்த இரண்டாவது வரிசை. 2019-லேயே தரவரையறை வந்துவிட்டது, ஆனால் அதைக் கேட்கும் கருவிகள் சந்தையில் இல்லாததால் யாரும் பெரிதாகத் தயாரிக்கவில்லை.

வேக வித்தியாசம் சின்னதில்லை. முதல் ஸ்விட்ச் பயன்படுத்திய யுஎச்எஸ்-1 வகையில் வினாடிக்கு 104 எம்பிதான் உச்ச வரம்பு. எக்ஸ்பிரஸில் அது 985 எம்பி வரை. கருவிக்குள்ளே இருக்கும் 256 ஜிபி சேமிப்பும் வேகமான யுஎஃப்எஸ் வகை. ஸ்விட்ச் 2-க்கென்று கேம் எழுதுகிறவர்கள், நகரம் முழுக்க ஓடிக்கொண்டே போகும்போது அடுத்த தெரு சேமிப்பிலிருந்து உடனே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் பழைய கார்டை வைத்தால் கேம் நின்று நின்றுதான் போகும். ஆக, புதிய கேம்களுக்கு எக்ஸ்பிரஸ் கட்டாயம் என்பது நியாயமான தேவை, இதில் வேறு வழியில்லை.

ஆனால் பழைய கேம்கள்? அவை 104 எம்பி வேகத்துக்கென்றே எழுதப்பட்டவை. அந்தக் கார்டுகளிலேயே எட்டு வருடம் ஓடியவை. ஸ்விட்ச் 2 பழைய கார்டைப் படிக்கத் தெரிந்த கருவிதான், ஸ்க்ரீன்ஷாட்டை எடுக்கிறதே. பழைய கேமை மட்டும் பழைய கார்டில் வைத்துக்கொள்ள அனுமதித்திருக்கலாம். கார்டு போடும் இடம் ஒன்றுதான், பழைய கேமுக்கு ஒரு கார்டு, புதிய கேமுக்கு ஒரு கார்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் குழந்தைகள் குழம்பிவிடுவார்கள், சர்வீஸ் சென்டருக்கு போன் வரும் என்று நினைத்திருக்கலாம். அந்த யோசனையில் அர்த்தம் இருக்கிறது. இருந்தாலும் நல்ல நிலையில் இருக்கும் கார்டு மேசை டிராயருக்குப் போகிறது, அதில் இருந்த கேம்களை எல்லாம் மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியிருக்கிறது, 256 ஜிபி எக்ஸ்பிரஸ் கார்டுக்கு வெளியீட்டு சமயத்தில் சுமார் 60 டாலர் கேட்டார்கள். மாறுகிறவர்கள் கணக்கில் முதலில் சேர்க்க வேண்டிய செலவு இது.

திரை: பெரிதானதும் கூர்மையானதும் உண்மை, ஆனால்

இதைப் புரிந்துகொள்ள எந்த மாடலிலிருந்து மாறுகிறோம் என்று பார்க்க வேண்டும். 2017 மாடலில் 6.2 அங்குல எல்சிடி, 2019-ல் வந்த லைட்டில் 5.5 அங்குலம், 2021-ல் வந்த ஓஎல்இடி மாடலில் 7 அங்குல ஓஎல்இடி. மூன்றிலும் தெளிவு 720பி. ஸ்விட்ச் 2-ல் 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வித்தியாசம் காட்டும் வசதி), ஆனால் மறுபடியும் எல்சிடி. 2017 மாடலிலிருந்தோ லைட்டிலிருந்தோ வருகிறவர்களுக்கு எல்லாமே முன்னேற்றம். ஓஎல்இடியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் உறுத்துகிறது, அதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது கறுப்பு. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இருக்கும் திரவப்படிகம் அதை மறைக்கப் பார்க்கும். முழுதாக மறைக்காது. ஸ்விட்ச் 2-ல் இந்த ஒளி திரையின் ஓரத்திலிருந்து வருகிறது, பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிவதும், எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கையில் வைத்து விளையாடும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போவதும் இதனால்தான். டிவியில் இணைத்தால், டிவி நல்லதாக இருந்தால், எச்டிஆர் ஒழுங்காகத் தெரியும்.

இரண்டாவது, அசைவில் வரும் மங்கல். 60 பிரேமில் ஒரு பிரேம் திரையில் நிற்பது 16.7 மில்லிவினாடி, 120-ல் 8.3 மில்லிவினாடி. அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மாறி முடிக்க வேண்டும். இந்தத் திரையில் பல மாற்றங்கள் அதற்குள் முடிவதில்லை, முந்தைய பிரேமின் சாயல் அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கவாட்டில் நகரும் கேம்களில், மரியோ ஓடும்போது பின்னணிச் செங்கற்களைப் பார்த்தால் நன்றாகவே தெரியும். 120 ஹெர்ட்ஸ் என்பது திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண் மட்டுமே. பிக்சல் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது தனிக் கணக்கு. விளம்பரத்தில் முதலாவது எண்ணைத்தான் போடுவார்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியீட்டு சமயத்தில், பழைய கேம்கள் கையில் வைத்து ஆடும்போது 720பி-க்கு மேல் படம் வரையவில்லை. பழைய திரையில் கேம் வரைந்த ஒரு புள்ளி, திரையில் சரியாக ஒரு பிக்சல். புதிய திரையின் உயரம் 1080 பிக்சல். 1080-ஐ 720-ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது கேம் வரைந்த ஒரு புள்ளியை ஒன்றரைப் பிக்சலில் காட்ட வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்துதான் நிரப்ப முடியும். கோடுகளின் ஓரம் கரைந்தது போல இருக்கும், அதையே 7.9 அங்குலத்துக்கு விரித்தும் காட்டுவதால் இன்னும் கண்ணில் படும். அப்டேட் வந்த கேம்களில் இது சரியாகிவிடுகிறது. சூப்பர் மரியோ ஒடிசி, ஸ்ப்ளாட்டூன் 3 போன்றவற்றுக்கு இலவசமாகத் தந்தார்கள். செல்டாவின் பிரெத் ஆஃப் த வைல்டு, டியர்ஸ் ஆஃப் த கிங்டம் இரண்டுக்கும் தலா 10 டாலர் வாங்கினார்கள், ஆன்லைன் சந்தாவின் விலை கூடிய வகையை வைத்திருப்பவர்களுக்கு அது சேர்ந்தே வருகிறது.

எல்சிடி போட்டது விலைக்காக என்று சொல்லித் தள்ளிவிடலாம், ஆனால் இந்தத் திரை பிரேம் வேகத்துக்கு ஏற்றபடி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதியோடு வருகிறது, கேம் 45 பிரேமுக்கு இறங்கினாலும் திக்கல் தெரியாமல் ஓட அது உதவும். அதுவும் கையில் இருக்கும்போது மட்டும். டிவியிலும் விஆர்ஆர் உண்டு என்று முதலில் தளத்தில் போட்டு, பிறகு தவறு என்று நிறுவனமே திருத்திக்கொண்டது.

இன்னொன்று, பெட்டியிலிருந்து எடுத்ததும் திரையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். ஓரத்தில் நகத்தை வைத்தால் வந்துவிடும் போலிருக்கும், போன் வாங்கிய பழக்கத்தில் கை தானாக அங்கே போகும். உரிக்கக்கூடாது. கண்ணாடி உடைந்தால் சிதறாமல் பிடிப்பதற்காக ஒட்டியது அது. கீறல் படாமல் இருக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கண்ணாடிக் காப்பு வாங்கி அதன் மேலேயே ஒட்ட வேண்டும்.

எடையும் பேட்டரியும்: ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும்

கையடக்கக் கருவியில் எதையும் தனியாக மாற்ற முடியாது. ஸ்விட்ச் 2-ன் தடிமன் 13.9 மில்லிமீட்டர், முதல் ஸ்விட்சில் எவ்வளவோ அவ்வளவே. ஆனால் நீளம் ஓஎல்இடி மாடலை விட 3 சென்டிமீட்டர் கூடி 27.2 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. ஜாய்-கானோடு சேர்த்து ஓஎல்இடி மாடல் சுமார் 420 கிராம், இது சுமார் 534 கிராம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்து விளையாடுகிறவர்களுக்கு அந்த 114 கிராம் அரை மணி நேரத்தில் மணிக்கட்டில் தெரியும்.

பேட்டரி 4310 எம்ஏஎச்-இலிருந்து 5220 ஆனது. பெரிய பேட்டரி, ஆனால் ஓடும் நேரம் குறைந்திருக்கிறது. ஓஎல்இடி மாடலுக்கு 4.5 முதல் 9 மணி நேரம் என்று சொன்ன அதே நிறுவனம் இதற்குச் சொல்வது 2 முதல் 6.5 மணி நேரம். காரணம் எளிய கணக்கு: 5220 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 20 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. கனமான கேம் அதை 2 மணி நேரத்தில் தீர்த்தால், கருவி இழுப்பது 10 வாட். 2017 மாடல் 16 வாட்-மணியை மிகக் குறைந்தது 2.5 மணி நேரம் ஓட்டியது, அதாவது 6.4 வாட். திரை பெரிது, சிப் பலசாலி, இரண்டுமே மின்சாரம் கேட்கும். பேட்டரியை இன்னும் பெரிதாக்கியிருந்தால் தடிமனும் எடையும் கூடியிருக்கும். இதை நான் தவிர்க்க முடியாத வகையில்தான் சேர்ப்பேன். சார்ஜைச் சுமார் 90 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைத் தந்திருப்பதும், மேல் பக்கம் இரண்டாவது யூஎஸ்பி-சி வைத்து நிறுத்திவைத்தே சார்ஜ் போட விட்டிருப்பதும் நல்ல காரியம்.

ஆனால் அந்தப் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. லித்தியம் பேட்டரி தேயும் பொருள், நாலைந்து வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். கருவிகளைப் பிரித்து மதிப்பிடும் ஐஃபிக்சிட் தளம் இதைக் கழற்றிப் பார்த்துப் பழுதுபார்க்கும் வசதிக்குத் தந்த மதிப்பெண் பத்துக்கு 3. முதல் ஸ்விட்சில் தனியாகக் கழற்ற முடிந்த சேமிப்புப் பலகைகூட இதில் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே எளிதாகக் கழற்றும்படி வைக்க வேண்டும்.

ஜாய்-கான் 2: பிடிப்பு நன்றாகிவிட்டது, ஸ்டிக் அதேதான்

பழைய ஜாய்-கானைத் தண்டவாளம் போன்ற காடியில் சறுக்கி மாட்ட வேண்டும், தேய்ந்தால் ஆடும். புதியது காந்தத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது, பின்னால் இருக்கும் விசையை அழுத்தினால் விடுபடும். மேசையில் பக்கவாட்டில் வைத்து மவுஸாகவும் நகர்த்தலாம். இவை உண்மையான முன்னேற்றங்கள். அதனால்தான் ஸ்டிக் விஷயம் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

முதல் ஜாய்-கானில் தொடாமலே கதாபாத்திரம் தானாக நடக்கும் டிரிஃப்ட் தொல்லை வந்தது எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம்:

1. ஸ்டிக்குக்குக் கீழே கார்பன் பூசிய சின்னப் பட்டைகள் இருக்கின்றன, இடம் வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று.

2. ஸ்டிக்கை நகர்த்தும்போது மெல்லிய உலோகத் தொடுப்பு ஒன்று அந்தப் பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். எந்த இடத்தில் தொடுகிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும், அந்த மாற்றத்தை வைத்து ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. பொட்டென்ஷியோமீட்டர் என்பது இதுதான். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் இதே பாகம்தான். நாளாக ஆகத் திருப்பினால் கரகரக்குமே, அதற்கும் காரணம் இதே உரசல்.

3. ஆயிரக்கணக்கான முறை உரசினால் கார்பன் தேய்கிறது, அந்தத் துகள் அங்கேயே கிடக்கிறது. ஸ்டிக் நடுவில் நின்றாலும் மின்தடை நடுப்பகுதிக்கு உரியதாக இல்லை. யாரோ லேசாக இடது பக்கம் தள்ளுகிறார்கள் என்று கருவி நினைத்துக்கொள்கிறது.

இதற்கு மாற்று ஹால் சென்சார். காந்தம் ஒன்று நகர, எதையும் தொடாமல் சென்சார் அதன் புலத்தை அளக்கும். உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. புதிய கண்டுபிடிப்பும் இல்லை, சேகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே 1990-களின் இறுதியில் இருந்தது. டிரிஃப்ட் தொல்லைக்காக நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020-ல் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் ஜாய்-கான் 2-ல் ஹால் சென்சார் இல்லை என்று நிறுவனத் தரப்பே உறுதி செய்துவிட்டது, கழற்றிப் பார்த்தவர்களும் பொட்டென்ஷியோமீட்டரைத்தான் கண்டார்கள். முழுக்கப் புதிதாக வடிவமைத்த ஸ்டிக் என்கிறார்கள். பெரிதாக இருக்கிறது, மென்மையாக நகர்கிறது, பழையதை விட அதிக நாள் உழைக்கவும் கூடும். ஆனால் உரசும் பாகம் உரசும் பாகம்தான். ஒரு ஜோடி ஜாய்-கான் 2-க்கு அமெரிக்காவில் வெளியீட்டு சமயத்திலேயே 95 டாலர் கேட்டபோது, எட்டு வருடம் வாடிக்கையாளர்கள் கத்திச் சொன்ன ஒரே குறையை அடியோடு எடுத்திருக்க வேண்டும். என் கணக்கில் இந்தக் கருவியின் மிக மோசமான முடிவு இதுதான்.

பழைய ஜாய்-கான்களும் பழைய புரோ கன்ட்ரோலரும் வயர்லெஸ்ஸாக வேலை செய்கின்றன, தூக்கிப் போட வேண்டாம். பழைய ஜாய்-கானைப் பக்கவாட்டில் மாட்ட முடியாது, காடியே இல்லை. தூங்கும் கருவியைப் பழைய கன்ட்ரோலரால் எழுப்பவும் முடியாது, எழுந்து போய் அமுக்க வேண்டும்.

டாக்கும் சார்ஜரும்

பழைய டாக்கில் ஸ்விட்ச் 2 வேலை செய்யாது. புதிய டாக்குக்குள் விசிறி இருக்கிறது, 4கே படம் அனுப்புகிறது, அதற்கு 20 வோல்ட்டில் 60 வாட் தரும் சார்ஜர் வேண்டும். பழைய சார்ஜர் உச்சமாகத் தருவது 15 வோல்ட்டில் 39 வாட். அதை வைத்துக் கருவியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம், டிவிக்கு ஆகாது. இதுவரை சரி.

ஆனால் 60 வாட் தரும் தரமான வேறு கம்பெனி யூஎஸ்பி-சி டாக்குகளிலும் பலவற்றில் படம் வரவில்லை. துளை பொதுவானது, கேபிள் பொதுவானது. ஆனால் படத்தை அனுப்புவதற்கு முன்னால் கருவி தனக்கே உரிய சில செய்திகளை அனுப்பிப் பதில் எதிர்பார்க்கிறது, அந்தப் பதில் தெரியாத டாக்குக்குப் படம் கிடையாது. பயணத்துக்கென்று சின்ன டாக் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது இப்போது வெறும் சார்ஜர்தான். இது மின்சாரத் தேவையால் வந்த தடை இல்லை, வைத்த பூட்டு.

அட்டை வாங்கினாலும் கேம் உள்ளே இல்லை

ஸ்விட்ச் 2-ன் கேம் அட்டைகள் இரண்டு வகை. ஒன்று, முழு கேமும் உள்ளே இருப்பது. சைபர்பங்க் 2077 அப்படி 64 ஜிபி அட்டையில் வந்தது. மற்றொன்று கேம்-கீ கார்டு. அதில் கேம் இல்லை, டவுன்லோட் செய்ய அனுமதி மட்டும் இருக்கிறது. போட்டதும் இணையத்திலிருந்து முழு கேமும் இறங்கும், இறங்கிய பிறகும் ஒவ்வொரு முறை விளையாட அட்டை உள்ளேயே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது இந்த வகையில். எது எந்த வகை என்று பெட்டியின் முன்பக்கம் கீழ்ப்பகுதியில் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

மறுபடி விற்கலாம், கடன் கொடுக்கலாம் என்பதால் முழு டிஜிட்டலை விட மேல். ஆனால் அட்டையும் வேண்டும், சேமிப்பில் இடமும் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் நட்டம். உள்ளே இருக்கும் 256 ஜிபி சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் மேலே சொன்ன எக்ஸ்பிரஸ் கார்டுக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் பழைய ஸ்விட்ச் தம்பிக்கு, புதியது அண்ணனுக்கு என்றால், டிஜிட்டலாக வாங்கிய கேம்களுக்கு 2025 ஏப்ரல் கடைசியில் வந்த விர்ச்சுவல் கேம் கார்டு முறை பொருந்தும். ஒரு கேம் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் ஏற்றப்பட்டிருக்கும், இங்கே இறக்கி அங்கே ஏற்ற வேண்டும். குடும்பக் குழுவில் இருப்பவருக்கு 14 நாள் கடனும் தரலாம்.

பழையதை விற்பதற்கு முன்

டேட்டாவை மாற்ற இரண்டு வழி தருகிறார்கள். இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்து நேரடியாக மாற்றுவது ஒன்று. புதியது கைக்கு வருவதற்கு முன்பே பழையதை விற்க வேண்டியவர்களுக்காக, சர்வரில் ஏற்றிவைத்துப் பிறகு இறக்கிக்கொள்வது இன்னொன்று. இதில் பழைய கருவி முழுதாக அழிக்கப்பட்டு புதிதுபோல ஆகிவிடும். கிளவுட்டில்தான் இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம்: கிளவுட் சேமிப்பு சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும், அதிலும் போக்கிமான் ஸ்கார்லெட், வயலட், ஸ்ப்ளாட்டூன் 2 போன்றவை கிளவுட்டில் ஏறுவதே இல்லை. நூறு மணி நேரம் விளையாடியது அந்தப் பழைய பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும்.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, கம்பெனி வாரன்ட்டி இங்கே செல்லாது. அப்போது மேலே சொன்ன ஒட்டிய பேட்டரி, உரசும் ஸ்டிக், சால்டர் செய்த சேமிப்பு எல்லாம் கூடுதல் பாரமாகின்றன. அமெரிக்காவில் ஜாய்-கான் டிரிஃப்டை இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள், அந்த வசதி நமக்கு இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஜப்பானில் ஒரு மாடலை வெளியீட்டு சமயத்தில் 49,980 யென்னுக்கு விற்றார்கள். அது ஜப்பானிய மொழி மட்டும் காட்டும், நாடு ஜப்பான் என்று பதிந்த கணக்கை மட்டுமே ஏற்கும். ஏற்கெனவே வேறு நாட்டுக் கணக்கில் கேம் வாங்கியிருந்தால் அவை இதில் வராது. எல்லா மொழியும் வரும் மாடல் அப்போது அங்கே 69,980 யென். ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால் எது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2. பழைய கருவியாக வாங்கினால், கடையிலேயே இணையத்தில் இணைத்துக் கடைப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருட்டு கேம் ஓட்டும் அட்டைகளைப் போட்ட ஸ்விட்ச் 2-களை நிறுவனம் ஆன்லைனிலிருந்து நிரந்தரமாகத் தடுத்துவிடுகிறது, தடை கணக்கின் மேல் இல்லை, கருவியின் மேல். அடுத்து வாங்குகிறவர் கணக்கு மாற்றினாலும் போகாது. அந்தக் கருவியில் டவுன்லோட் கிடையாது, அதனால் கேம்-கீ கார்டு ஒன்றுகூட ஓடாது.

3. ஸ்டிக்குகளைச் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் இருக்கும் அளவுத்திருத்தத் திரையில் சோதிக்கலாம். விரலை எடுத்ததும் அந்தச் சின்னக் குறி நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும்.

4. பெட்டிக்குள் 60 வாட் சார்ஜரும் புதிய டாக்கும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கருவியை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்றால், டிவியில் இணைக்கத் தனியாக வாங்க வேண்டிய டாக், சார்ஜர் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.